தானாய்க் கனிந்த கனி

நம் தமிழ்ச் சங்க மலர் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கும்போதெல்லாம் விடுதி அறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மேசைமேல் வெள்ளைத் தாள் விரிந்து கிடக்கும். பேனாவில் மை நிறைந்திருக்கும். கதை தருவதாக ஆசிரியருக்கு வாக்களித்துவிட்ட நண்பர் தலையில் கைவைத்தபடி அமர்ந்திருப்பார். இரண்டு வரி எழுதுவார். மூன்று வரி அடிப்பார். நள்ளிரவுக்குள் குப்பைக்கூடை நிறைந்துவிடும். தாள் மட்டும் நிறையாது. மறுநாள் காலையில் அவர் நீராடும்போதோ, உணவுக்கூடத்திற்கு நடக்கும்போதோ, இரவெல்லாம் தேடியும் கிடைக்காத அந்த முதல் வரி தானே வந்து எதிரில் நிற்கும்!

தடியால் அடித்துக் கனிய வைக்க முடியுமா என்று நம் ஊர்களில் கேட்பார்கள். பழத்திற்குச் சொன்ன சொல் கலைக்கும் பொருந்தும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கனி தானாகக் கனிகிறது என்பதற்காக, மரத்தை நட்டவரும் நீர் ஊற்றியவரும் இல்லை என்று ஆகிவிடாது. உழைப்பு எங்கே முடிய வேண்டும், காத்திருத்தல் எங்கே தொடங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடுவதைக் காட்டிலும், ஒரு பெரியவரின் வாழ்க்கையில் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. அவர் நாம் அனைவரும் அறிந்தவர். கவியரசர் இரவீந்திரநாத தாகூர். அவர் பெற்ற பரிசையும் அவருடைய தாடியையும் அறிந்த அளவுக்கு, அவர் எப்படி எழுதினார், எழுத வராதபோது என்ன செய்தார் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு அவர் ஓவியர் ஆன கதை அதைவிடச் சுவையானது.

1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்னும் பகுதியிலிருந்த பெரிய மாளிகையில் அவர் பிறந்தார். தந்தை மகரிஷி தேவேந்திரநாதர். தாய் சாரதா தேவி. பிழைத்து வளர்ந்த பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. செல்வர் வீட்டுப் பிள்ளை என்றாலும், அவருடைய இளமை வேலைக்காரர்களின் ஆட்சியில் கழிந்தது. தந்தை பெரும்பாலும் வெளியூர்களில் இருந்தார். பையனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சியாம் என்ற வேலையாளுடையது. அந்தச் சியாமுக்கு வேறு வேலைகள் இருந்தன போலும்! அவன் பையனை ஓர் அறையில் உட்கார வைப்பான். சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவான். வட்டத்தைத் தாண்டினால் ஆபத்து என்று அச்சுறுத்திவிட்டுப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்தது என்ன என்பதை இராமாயணத்தில் கேட்டிருந்த சிறுவன் அசையமாட்டான்.

ஆனால் அந்த வட்டத்திற்குள் ஒரு சன்னல் இருந்தது. சன்னலுக்குக் கீழே ஒரு குளம். குளக்கரையில் விழுது விட்டு நின்ற ஓர் ஆலமரம். காலையில் நீராட வருவோர் ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக நீராடுவதையும், நண்பகலில் வாத்துகள் மட்டும் நீரில் திரிவதையும், ஆலமரத்தடியில் நிழல் கலங்கிக் கிடப்பதையும் பார்த்தபடியே நாள் முழுவதும் அமர்ந்திருப்பான் அச்சிறுவன். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஒன்றைப் பார் என்றோ, ஒன்றை எழுது என்றோ சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்த ஆலமரமும் குளமும் அவருடைய எழுத்துக்குள் வந்தன.

பாடம் நடத்தியவர்களின் கதை வேறு. ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, செயிண்ட் சேவியர் கல்லூரிப் பள்ளி எனப் பள்ளிகள் மாறினவே தவிரப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஒரு பள்ளியில் பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டு ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் பாட வேண்டியிருந்தது. பாடிப் பாடி அதன் சொற்களே உருத்தெரியாமல் சிதைந்துபோயின. வீட்டிலும் ஓய்வு இல்லை. விடியுமுன் மல்யுத்தம், பிறகு கணக்கும் அறிவியலும், எலும்புக்கூடு ஒன்றை வைத்துக்கொண்டு உடற்கூறு, பள்ளி விட்டு வந்ததும் உடற்பயிற்சியும் ஓவியமும், விளக்கு வைத்தபின் ஆங்கிலம். ஆங்கில ஆசிரியர் வரும் நேரத்தில் பையனுக்குக் கண் செருகிவிடும். இத்தனை பாடங்களில் ஓவியமும் ஒன்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

1873இல் பூணூல் கலியாணம் முடிந்ததும் தந்தை மகனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியில் போல்பூரில் சில நாள் தங்கினார்கள். அதுவே பின்னாளில் சாந்திநிகேதனம் என உலகம் அறிந்த இடம். அங்கே சிறுவன் விருப்பம்போல் திரியலாம். கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து தந்தையிடம் காட்டினால், அவர் அவற்றை மணிகளைப் போல மதித்துப் பாராட்டுவார். தம் தங்கக் கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் தந்தை அவனிடமே விட்டார். பையனுக்கு எல்லையற்ற பெருமை! அளவுக்கு மீறிய ஆர்வத்தோடு சாவியைத் திருகினான். சில நாளில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தந்தை கடிந்துகொள்ளவில்லை. ஓடும் கடிகாரத்தையும் அளவு மீறித் திருகினால் நின்றுவிடும் என்ற பாடம் மட்டும் எஞ்சியது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. முடிந்தது என்பதைவிட நின்றுபோனது என்பதே பொருந்தும். அண்ணன் சோதிரிந்திரநாதர் தம்பிக்கு உண்மையான பள்ளியாக விளங்கினார். அவர் பியானோவில் அமர்ந்து புதுப்புது மெட்டுகளை விளையாட்டாக வாசித்துக்கொண்டே போவார். பக்கத்திலிருக்கும் தம்பியும் அட்சய சௌதுரி என்ற நண்பரும் அந்த மெட்டுகள் மறையுமுன் அவற்றிற்குச் சொற்களைப் பொருத்த வேண்டும். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. பிற்காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட பாடல்களைப் புனைந்தவருக்கு இந்த விளையாட்டே பயிற்சியாக அமைந்தது.

1878இல் சட்டம் படித்து வருமாறு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சில மாதங்கள் பாடம் கேட்டார். 1880இல் பட்டம் இல்லாமலே திரும்பினார். குடும்பத்தாரின் கண்ணில் அவர் எதிலும் தேறாத பிள்ளை. எழுதிய கவிதைகளோ அன்றைய பெயர்பெற்ற வங்கக் கவிஞர்களின் நடையைப் பின்பற்றியவை.

இந்த நிலையில்தான் ஒரு சிறிய நிகழ்ச்சி நடந்தது. சோதிரிந்திரநாதரும் அவர் மனைவியும் வெளியூர் சென்றிருந்தார்கள். மூன்றாம் மாடியில் அவர்களுடைய அறைகளும் மொட்டைமாடியும் வெறுமையாகக் கிடந்தன. இளைஞர் அங்கே தனியே பொழுதைக் கழித்தார். அப்போது அவர் கவிதை எழுதுவதற்கு நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகம் திறந்தவுடனே இதில் நல்ல கவிதைதான் எழுத வேண்டும் என்று மிரட்டுவதுபோல் அவருக்குப் பட்டது. சிலேட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. பிடிக்காவிட்டால் கையால் ஒரு துடைப்பு. எழுதியதற்கே அடையாளம் இராது. அந்த அச்சம் போனதும் கை தானே ஓடியது. பிறர் வகுத்த யாப்பையும் நடையையும் மறந்து, மனம் போன போக்கில் எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தபோது, இது என்னுடையது என்ற நிறைவு முதன்முதலாக அவருக்கு உண்டாயிற்று. அவ்வாறு பிறந்தவை 1882இல் வெளிவந்த ‘சந்தியா சங்கீதம்’ என்ற தொகுதியில் இடம்பெற்றன. வங்கத்தின் மூத்த எழுத்தாளர் பங்கிம் சந்திரர், ஒரு திருமண வீட்டில் தமக்கு இட்ட மாலையைக் கழற்றி இந்த இளங்கவிஞரின் கழுத்தில் போட்டுப் பாராட்டினார்.

அதே காலத்தில் கல்கத்தாவில் சதர் தெருவிலுள்ள வீடொன்றில் அண்ணனோடு தங்கியிருந்தார். ஒருநாள் காலை மாடியில் நின்றபடி கிழக்கே நோக்கினார். மரங்களின் இலைகளுக்கிடையே கதிரவன் எழுந்துகொண்டிருந்தான். அன்றாடம் காணும் காட்சிதான். ஆனால் அன்று கண்ணை மறைத்திருந்த திரை ஒன்று விலகியதுபோல் உலகம் முழுவதும் அழகாகவும் இன்பமாகவும் தோன்றியது. தெருவில் தோளோடு தோள் சேர்த்து நடந்த இரு இளைஞரும் அழகாகத் தெரிந்தனர். அன்றே ‘அருவியின் கனவு கலைதல்’ என்ற பொருள்படும் கவிதை பெருக்கெடுத்து வந்தது. அவருடைய கவிதை வாழ்வின் தொடக்கமாக அறிஞர்கள் அதனைக் குறிப்பிடுவார்கள்.

இதற்கு அடுத்து நடந்ததை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. நெருக்கமான ஒரு நகரத் தெருவிலேயே இவ்வளவு கண்டோமே, இமயத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் இன்னும் எவ்வளவு காணலாம் என்று எண்ணினார் அவர். டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டார். மலை இருந்தது, பனி இருந்தது, தேவதாரு மரங்கள் இருந்தன. அந்தக் காட்சி மட்டும் வரவில்லை. மலை பெரிதுதான், ஆனால் கையை நீட்டிக் கேட்டவருக்கு அது ஒன்றும் கொடுக்கவில்லை. சதர் தெருவில் கேளாமல் கிடைத்தது டார்ஜிலிங்கில் கேட்டும் கிடைக்கவில்லை. இந்த ஏமாற்றத்தை அவர் மறைக்காமல் தம் வரலாற்றில் எழுதி வைத்தார்.

முப்பது வயதை நெருங்கும்போது தந்தை அவரைக் குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளக் கிழக்கு வங்காளத்திற்கு அனுப்பினார். கணக்குப் பார்ப்பதும், குடிகளின் வழக்குகளைத் தீர்ப்பதும் வேலை. ஷிலைதஹா, ஷாஜாத்பூர் முதலிய ஊர்களுக்குப் பத்மா நதியில் படகிலேயே போய்வருவார்; படகிலேயே தங்குவார். எழுதுவதற்காக அங்கே போகவில்லை. ஆயினும் அவருடைய சிறந்த சிறுகதைகள் பல அந்த ஆண்டுகளில்தான் பிறந்தன. ஷாஜாத்பூரில் எஸ்டேட் கட்டடத்திலேயே அஞ்சலகம் இருந்தது. அதன் அதிகாரி மாலைவேளைகளில் பேச வருவார். அந்தப் பேச்சிலிருந்து ‘போஸ்ட்மாஸ்டர்’ கதை வந்தது. படகுத் துறையில் கணவன் வீட்டுக்குப் புறப்பட்டு நின்ற ஒரு பெண்ணைக் கண்டதிலிருந்து மற்றொரு கதை வந்தது. கதை தேடிப் போனவர் அல்லர். கணக்குப் பார்க்கப் போனவரிடம் கதைகள் வந்து சேர்ந்தன. ஆனால் வந்தபோது அவற்றை வாங்கிக்கொள்ள அவர் விழித்திருந்தார். விடியுமுன் எழுந்து எழுத உட்காரும் வழக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விட்டதில்லை.

இனி ஓவியத்திற்கு வருவோம். இளமையில் ஓவிய ஆசிரியர் வந்தார், போனார். கை படியவில்லை. 1900ஆம் ஆண்டளவில், முப்பத்தொன்பது வயதில், படம் வரையும் ஆசை அவரை மீண்டும் பற்றிக்கொண்டது. ஓவியப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு வரைந்து பழகினார். நண்பரும் அறிவியலறிஞருமான சகதீச சந்திர போசுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதும்போது, பென்சிலைவிட ரப்பருக்கே தம் கையில் வேலை அதிகம் என்று தம்மையே கேலி செய்துகொண்டார். சிலகாலம் முயன்றார்; பிறகு விட்டுவிட்டார். அண்ணன் மக்களான அவனீந்திரநாதரும் ககனேந்திரநாதரும் பெயர்பெற்ற ஓவியர்களாக வளர்ந்தார்கள். சிற்றப்பாவோ ஓவியம் தமக்கு விதிக்கப்படவில்லை என்று எண்ணிச் சொற்களோடு நின்றுகொண்டார்.

1901இல் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். மரத்தடியே வகுப்பறை. தாம் பட்ட சிறையைப் பிற பிள்ளைகள் படக்கூடாது என்பது அவர் எண்ணம். பணம் போதவில்லை, மனைவியின் நகைகள் விலைபோயின. 1902இல் மனைவி மிருணாளினி தேவி மறைந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா; 1905இல் தந்தை; 1907இல் இளைய மகன் சமீந்திரன். ஐந்தாண்டுக்குள் இத்தனை சாவுகளைக் கண்ட மனத்திலிருந்துதான் 1910இல் வங்காளி மொழியில் ‘கீதாஞ்சலி’ வந்தது. எளிதாக வந்த கலை என்று நாம் சொல்லும்போது, அதன் பின்னால் எளிதல்லாத வாழ்க்கை ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஆங்கில ‘கீதாஞ்சலி’யின் கதை இன்னும் வியப்பானது. 1912 மார்ச்சில் இங்கிலாந்து செல்லக் கப்பலுக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. புறப்படும் வேளையில் கவிஞர் நோயுற்று விழுந்தார். பயணம் நின்றது. ஓய்வுக்காகப் பத்மா கரையிலுள்ள ஷிலைதஹாவுக்குச் சென்றார். பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் பருவம், மாமரங்கள் பூத்திருந்தன. எழுதக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. புதிதாக எழுத உடலில் வலிமையும் இல்லை. சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. ஆகவே பழைய பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் இன்பத்தை மறுபடி நுகர்வதற்காகவே, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் ஆங்கில உரைநடையில் எழுதிப் பார்த்தார். அச்சிடும் நோக்கம் இல்லை. தம் ஆங்கிலத்தைப் பற்றி அவருக்கு எப்போதும் கூச்சமே இருந்தது. மே மாத இறுதியில் கப்பலேறியபோது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார், வழியெல்லாம் எழுதினார்.

இலண்டனில் சுரங்க ரயிலில் செல்லும்போது கையெழுத்துப் படிகள் இருந்த பையை மகன் ரதீந்திரநாதர் மறந்து வைத்துவிட்டார். நல்லவேளையாக, தொலைந்த பொருள்களை வைக்கும் அலுவலகத்தில் அது அப்படியே கிடைத்தது! ஓவியர் ரோதன்ஸ்டைன் அதனைப் படித்தார். ஏட்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞரிடம் சேர்த்தார். இந்தியா சொசைட்டி 1912 நவம்பரில் 750 படிகள் அச்சிட்டது. மறு ஆண்டு மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்டது. 1913 நவம்பர் 13ஆம் நாள் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியர் அல்லாத ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் பரிசுக்குப் பின் உலகம் கவிஞரை விடவில்லை. மேலும் நூல்கள் வேண்டும், விரைவாக வேண்டும் என்று கேட்டது. அவரும் கொடுத்தார். ஆங்கில நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மூலத்தின் பல நயங்களை விட்டுவிட்டு, மேலைநாட்டார் விரும்புவார்கள் என்று தோன்றிய ஒரே பாங்கில் மொழிபெயர்ப்புகள் அமைந்தன. முன்பு புகழ்ந்த ஏட்ஸே பின்னால் சலித்துக்கொண்டார். மேலைநாட்டில் அவர் புகழ் சில ஆண்டுகளில் மங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். தம் கவிதைகளுக்குத் தாமே அநீதி இழைத்துவிட்டதாகக் கவிஞர் பின்னர் வருந்தினார். மாமரத்தடியில் யாருக்காகவும் இல்லாமல் எழுதியது வாழ்ந்தது. கேட்டவருக்காக அவசரமாக எழுதியது வாடியது. எளிமை வேறு, விரைவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குக் காட்ட முடியாது.

தென்னாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1919 பிப்ரவரியில் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தால் களைத்த கவிஞர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், பிரம்மஞான சபையார் நடத்திய கல்லூரியில் ஓய்வெடுத்தார். மாலையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பாடும் வழக்கம் அங்கே இருந்தது. கவிஞரும் ஒரு பாட்டுப் பாடினார். அது ‘ஜன கண மன’. மாணவர்கள் மகிழ்ந்து பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். அந்த உற்சாகத்தில் அங்கேயே அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். ஓய்வுக்கு வந்த இடத்தில், மாணவர் கூட்டத்தின் நடுவே, அந்த மொழிபெயர்ப்பு பிறந்தது. 1950 சனவரி 24 அன்று அப்பாட்டு நாட்டுப் பண்ணாக ஏற்கப்பட்டது.

பாட்டு வரும்போது அவர் எங்கிருந்தாலும் வரும், குளியலறையிலும் வரும். ஆனால் மெட்டு அவருக்கு மறந்துவிடும். ஆகையால் பாட்டுப் பிறந்த உடனே, அண்ணன் பேரனான தினேந்திரநாதரை அழைத்துப் பாடிக் காட்டிவிடுவார். அவர் கற்றுக்கொண்டு சுரக்குறிப்பு எழுதிவைப்பார். வருவதை வரவிட்டார் கவிஞர். வந்ததைக் காப்பாற்ற ஏற்பாடும் செய்துவைத்திருந்தார்.

1924ஆம் ஆண்டின் இறுதியில் பெரு நாட்டு விடுதலை நூற்றாண்டு விழாவுக்காகத் தென்னமெரிக்கா புறப்பட்டார். வயது அறுபத்து மூன்று. மறுபடியும் வழியில் நோய். மறுபடியும் பயணம் தடைப்பட்டது. அர்ஜெண்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்சில் இறங்கினார். ‘கீதாஞ்சலி’யைப் பிரெஞ்சு மொழியில் படித்து உருகியிருந்த விக்டோரியா ஒக்காம்போ என்ற எழுத்தாளர், நகருக்கு வெளியே சான் இசித்ரோவில், ஆறு தெரியும் மாடிவீடு ஒன்றில் அவரைத் தங்கவைத்தார். சில நாள் ஓய்வு என்று தொடங்கியது ஏறத்தாழ இரண்டு மாதமாக நீண்டது. அங்கே சாய்வு நாற்காலியில் அமர்ந்து ‘பூரவி’ என்ற தொகுதிக்கான கவிதைகளை எழுதினார்.

எழுதினால் அடித்தல் இல்லாமல் இருக்குமா? கவிஞர் தம் எழுத்தைச் சளைக்காமல் திருத்துபவர். ‘ரக்தகரபி’ (செவ்வரளி) நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பலமுறை எழுதியவர். அடித்த சொற்கள் பக்கத்தில் அங்கங்கே அலங்கோலமாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. தள்ளப்பட்ட அச்சொற்கள் போக்கிடம் இல்லாமல் நின்று முறையிடுவதாக அவருக்குத் தோன்றுமாம். ஆகவே ஓர் அடித்தலை இன்னோர் அடித்தலோடு கோட்டால் இணைப்பார். கோடு வளையும், வளைவு ஒரு அலகாகும், அலகுக்கு ஒரு கண் முளைக்கும். பக்கத்தைப் பார்த்தால் கவிதைக்கு நடுவே எங்கும் இல்லாத ஒரு பறவையோ, பெயர் தெரியாத ஒரு விலங்கோ அமர்ந்திருக்கும். முன்பும் சில கையெழுத்துப் படிகளில் இத்தகைய கிறுக்கல்கள் உண்டு. ‘பூரவி’யின் ஏட்டில் அவை பக்கம் பக்கமாகப் படர்ந்தன. கவிஞருக்கு அது விளையாட்டு. அந்த ஏட்டைக் கண்ட ஒக்காம்போ அம்மையாருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அதில் ஓர் ஓவியர் இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

1928 முதல் கிறுக்கல் கவிதையைவிட்டுத் தனியே புறப்பட்டது. தாளில் முழுப் படமாகவே வரையத் தொடங்கினார். முறையான கருவிகள் இல்லை. பேனா மை, வண்ண மைகள், கந்தல் துணி, விரல், சில வேளை பூவிதழின் சாறு! என்ன வரையப் போகிறோம் என்று முன்கூட்டி எண்ணுவதில்லை. கோடு தொடங்கும், அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டே கை பின்தொடரும். கவிதையில் முதலில் பொருள் தோன்றிப் பிறகு சொல் வருகிறது. படத்திலோ கோடு வந்த பிறகே உருவம் தெரிகிறது என்பது அவர் கண்ட வேற்றுமை. படங்களுக்குப் பெயர் இடவும் மறுத்தார். தாம் நினைத்து வரையாத ஒன்றுக்குத் தாம் எப்படிப் பெயர் சொல்வது? முகங்கள், நிழல்போல் நிற்கும் பெண்கள், மாலை வெளிச்சத்தில் இருண்ட மரங்கள், விசித்திர விலங்குகள் என்று 2,000க்கும் மேற்பட்ட படங்கள் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குவிந்தன.

1930 மே மாதத்தில் பாரிசு நகரில் பிகால் கூடத்தில் முதல் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் அதே ஒக்காம்போ அம்மையார். தொடர்ந்து அதே ஆண்டில் இங்கிலாந்து, செர்மனி, டென்மார்க், உருசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் படங்கள் காட்டப்பட்டன. பன்னிரண்டு வயதில் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தும் வராதது, முப்பத்தொன்பது வயதில் முயன்று முயன்று ரப்பரால் அழித்தது, எழுபதை நெருங்கிய வயதில் அடித்தல் கோடுகளின் வழியே தானே நடந்து வந்தது.

ஏன் அப்போது வந்தது? நான் நினைக்கும் விடை இதுதான். சிலேட்டில் எழுதியபோதும், மாமரத்தடியில் மொழிபெயர்த்தபோதும், ஏட்டில் கிறுக்கியபோதும் அவருக்குப் பொதுவாக இருந்தது ஒன்று: அச்சமின்மை. மூன்று இடங்களிலும் அவரைத் தேர்வு செய்ய யாரும் இல்லை; அவரும் தம்மைத் தேர்வு செய்துகொள்ளவில்லை. டார்ஜிலிங்கில் பேராசை இருந்தது. நோபெலுக்குப் பிந்திய மொழிபெயர்ப்பில் பிறருடைய கை மேலே இருந்தது. அங்கெல்லாம் ஊற்று அடைபட்டது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடுகளுக்கு இருந்த ஓசையும் ஒழுங்கும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஐம்பது ஆண்டு தாளத்தோடு பழகிய கை அது. சன்னலோரத்தில் ஆலமரத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. உழைப்பு முன்பே நடந்து முடிந்திருந்தது. அது தன்னை உழைப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

1941 சூலை 30ஆம் நாள் கல்கத்தாவில், தாம் பிறந்த ஜோராசாங்கோ வீட்டிலேயே அவருக்கு அறுவை மருத்துவம் செய்ய ஏற்பாடாயிற்று. அன்று காலை அவர் படுத்தபடியே ஒரு கவிதை சொன்னார், பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார். அதில் சில இடங்கள் சரியாக அமையவில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அறுவைக்குப் போனார். திருத்த நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார். வாழ்நாளெல்லாம் அடித்துத் திருத்தி, அந்த அடித்தல்களையும் ஓவியமாக்கியவரின் கடைசிக் கவிதை ஓர் அடித்தலும் இல்லாமல் நிற்கிறது. அதில் குறை இருப்பதாக அவருக்குத் தோன்றியது; படிப்பவருக்கு அப்படித் தோன்றவில்லை.

மாணவ நண்பர்களே! நாம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, வேற்றுமொழி கேட்கும் தெருக்களில் நடந்து, வேறொரு மொழியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழில் நான்கு வரி எழுத உட்கார்ந்தால், பிழை வருமோ, பிறர் நகைப்பாரோ என்ற அச்சம் முதலில் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. அதனாலேயே நம்முள் எத்தனையோ பேர் எழுதாமலே பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியது ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் அன்று, ஒரு சிலேட்டு. நாள்தோறும் சிறிது நேரம், யாருக்கும் காட்ட வேண்டாத எழுத்து. வந்தால் வரட்டும், வராவிட்டால் துடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வெளியே பார்ப்போம். அங்கே ஓர் ஆலமரம் இல்லாவிட்டாலும் ஒரு வேப்பமரமாவது இருக்கும்.

அடுத்த மலருக்கு ஆசிரியர் கட்டுரை கேட்டு வரும்போது, சிலேட்டில் ஏதாவது தங்கியிருக்கும்.